கிரெவில்லியா வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்களின் தோட்டத்துக்குக் கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கை மூன்றும் முதலில் வந்துவிடுகின்றன. பிறகு, இந்த மண்ணுக்கே உரிய ஒரு பூச்செடியும் இருக்கட்டுமே என்று ஆசை வருகிறது. நர்சரியில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் கிரெவில்லியாதான். அதை வாங்கி வந்து, ஊரில் ரோஜாவைப் பராமரித்த அதே அக்கறையோடு எருவும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். சில மாதங்களில் செடி கருகிப்போகிறது. செடி சரியில்லை என்று நினைத்து இன்னொன்றை வாங்குகிறார்கள். அதற்கும் அதே கதி. இந்தச் செடியைப் பட்டினி கொல்வது அரிது. ஊட்டிக் கொல்வதுதான் அதிகம். நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, சிட்னி மேற்குப் பகுதியின் களிமண்ணில் இந்தச் செடிகளோடு பழகியவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கிரெவில்லியா என்பது ஒரே செடியா, பல செடிகளா?

அது ஒரு பேரினம். அதில் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மிகச் சிலவற்றைத் தவிர எல்லாம் ஆஸ்திரேலியாவில் மட்டுமே இயற்கையாக வளர்பவை. தரையோடு தரையாகப் படர்வதும் இதில் உண்டு, முப்பது மீட்டருக்கு உயரும் மரமும் உண்டு. இலை ஊசி போல இருக்கலாம், சீப்பு போலப் பிளந்திருக்கலாம், ஆலிவ் இலை போலவும் இருக்கலாம். அதனால் 'கிரெவில்லியா வாங்கினேன்' என்று மட்டும் சொன்னால் யாராலும் ஆலோசனை சொல்ல முடியாது. செடியோடு வரும் பெயர்ச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். பிற்பாடு கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கும்போது, அந்தப் பெயர் கட்டாயம் தேவைப்படும்.

பேரினத்துக்கு இந்தப் பெயர் வந்தது சார்லஸ் ஃபிரான்சிஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயரால். லண்டனில் 1804-இல் தொடங்கி, பின்னர் ராயல் தோட்டக்கலைச் சங்கமாக வளர்ந்த அமைப்பின் நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

பூவில் இதழையே காணோமே?

நாம் அறிந்த இதழ் இதில் இல்லைதான். பூங்கொத்து ஒன்றை மெதுவாகப் பிடித்துக் கிட்டத்தில் பாருங்கள். இன்னும் விரியாத மொட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய தண்டு நடுவில் வளைந்து, வில்லைப் போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதன் நுனி மட்டும் மொட்டுக்குள் சிக்கியிருக்கும். அதுதான் சூலகத் தண்டு. மொட்டுக்குள் இருக்கும் மகரந்தப் பைகள் தங்கள் தூளை முன்கூட்டியே அந்த நுனியில் அப்பிவிடுகின்றன. மொட்டு திறந்ததும் தண்டு விடுபட்டு நிமிர்கிறது. நுனியில் மஞ்சள் தூள் தயாராக இருக்கிறது. தேன் குடிக்க அலகை நுழைக்கும் பறவையின் நெற்றியில் அது ஒட்டிக்கொள்கிறது. பிறகுதான் அதே நுனி, வேறொரு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை ஏற்கும் நிலைக்கு வரும். காலை வெயில் ஏறுவதற்கு முன் பார்த்தால், தூள் இன்னும் கலையாமல் இருக்கும் நுனிகளையும் பறவை வந்துபோன நுனிகளையும் ஒரே கொத்தில் வேறுபடுத்திப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், உருப்பெருக்கிக்கூடத் தேவையில்லை.

முதல் முறையாக வளர்க்கிறேன். எந்த ரகம் வாங்குவது?

சிட்னி அல்லது பிரிஸ்பேன் என்றால் 'ராபின் கார்டன்', 'சூப்பர்ப்', 'பீச்சஸ் அண்ட் க்ரீம்' ஆகிய மூன்றில் ஒன்று. மூன்றும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம், அதற்குச் சற்றுக் கூடுதலாக அகலம். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கிளையில் பூ இருக்கும். முதலாவதன் பூ சிவப்பு. இரண்டாவது ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்தது. மூன்றாவது மஞ்சளில் தொடங்கி இளஞ்சிவப்புக்கு மாறும்.

'ராபின் கார்டன்' உருவான கதை சொல்லப்பட வேண்டியது. குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் கிளென்மோர்கன் என்ற ஊருக்கு அருகே மயால் பார்க் என்ற பண்ணையில் டேவிட் கார்டன் என்பவர் நாடெங்கிலுமிருந்து ஆஸ்திரேலியச் செடிகளைச் சேர்த்து வளர்த்தார். கிழக்குக் கரையைச் சேர்ந்த பேங்க்ஸியை என்ற கிரெவில்லியா இனமும் மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பைபின்னாட்டிஃபிடா என்ற இனமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. இயற்கையில் இரண்டும் சந்தித்திருக்க வழியே இல்லை. இடையில் ஒரு கண்டத்தின் அகலம். அந்தத் தோட்டத்தில் இரண்டும் தாமாகக் கலந்து 1960-களில் தோன்றிய நாற்றுதான் இது. இளம் வயதில் இறந்துபோன தம் மகளின் பெயரை அவர் அதற்கு வைத்தார். இன்று நாடு முழுவதும் சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் அந்தப் பெயர் பூத்துக்கொண்டிருக்கிறது. மயால் பார்க் இப்போது தாவரவியல் பூங்காவாக இருக்கிறது.

வேலியை மறைக்க உயரம் வேண்டும் என்றால் 'மூன்லைட்': மூன்று, நான்கு மீட்டர் போகும், பாலாடை நிறத்தில் நீண்ட பூக்கொத்து. 'ஹனி ஜெம்' இன்னும் உயரும். நிலத்தை மூட வேண்டும் என்றால் 'ப்ரான்ஸ் ராம்ப்ளர்' அல்லது 'பூரிண்டா ராயல் மேன்டில்'. இரண்டுமே நான்கு மீட்டர் அகலத்துக்குப் பரவக்கூடியவை. இடத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

மெல்பர்னிலும் கான்பெராவிலும் கதை வேறு. வெப்பமண்டல இரத்தம் உள்ள பெரிய பூ ரகங்கள் கான்பெராவின் உறைபனியில் அடிபட்டுவிடும். அங்கே 'கான்பெரா ஜெம்', மலைப்பகுதி இனமான விக்டோரியே, ரோஸ்மரினிஃபோலியா, குட்டையான லானிஜெரா வகைகள் ஆகியவை பொருத்தம். விக்டோரியா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் லியோ ஹாட்ஜ் என்ற விவசாயி உருவாக்கிய 'பூரிண்டா' வரிசைச் செடிகளில் பலவும் குளிரைத் தாங்கும். பெர்த்தில் மணல் நிலம்; கடற்கரையை ஒட்டிச் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். அங்கே ஒலிவாசியா போன்ற மேற்கு ஆஸ்திரேலிய இனங்களைக் கேட்டு வாங்குவது நல்லது. கிழக்கில் பெயர் பெற்ற எல்லாமே அங்கே தேறும் என்று நம்ப வேண்டாம்.

எப்போது நடலாம்?

மார்ச் முதல் மே வரை. இங்கே அதுதான் இலையுதிர் காலம். மண்ணில் சூடு மிச்சமிருக்கும், வெயிலின் உக்கிரம் இருக்காது. கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். தை பிறந்தால் நட வேண்டும் என்ற ஊர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால், ஜனவரியில் 40 டிகிரி வெயிலில் கன்று தவிக்கும். உறைபனி விழும் ஊர்களில் மட்டும் குளிர்காலம் போகும்வரை பொறுத்திருந்து, செப்டம்பர் அக்டோபரில் நடுங்கள்.

எங்கள் வீட்டில் கெட்டிக் களிமண். வளருமா?

துங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதி முழுக்க இதே மண்தான். மென்களிப்பாறை சிதைந்து உண்டான களிமண். மழையில் பிசுபிசுக்கும், வெயிலில் வெடிக்கும். கிரெவில்லியாவின் வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் பூசணம் நுழைந்துவிடும். ஆகவே மண்ணை மாற்றுவதைவிடச் செடியை உயர்த்துவதுதான் சரியான வழி.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீரால் நிரப்புங்கள். வடிந்த பிறகு மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் குழியில் நட வேண்டாம். சுற்றுமண்ணைக் கிளறிவிட்டு அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் மேடு கட்டுங்கள். மணற்பாங்கான தோட்டமண் இதற்குப் போதும். எரு கலந்த 'வெஜிடபிள் மிக்ஸ்' வேண்டவே வேண்டாம்.

களிமண்ணை இளக்க விற்கும் ஜிப்சம் என்ற கனிமத்தூளைப் போடலாமா என்று கேட்பார்கள். எல்லாக் களிமண்ணுக்கும் அது வேலை செய்யாது. காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஆட்டாமல் போட்டு ஒரு நாள் விட்டுவையுங்கள். கட்டியைச் சுற்றித் தண்ணீர் பால் போலக் கலங்கினால் ஜிப்சம் பயன் தரும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வரை போட்டுக் கிளறலாம். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சம் வாங்கும் பணம் மிச்சம்.

நடும்போது என்ன செய்ய வேண்டும்?

தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை மூழ்கவைத்து எடுங்கள். குழி, தொட்டியின் ஆழமும் அதைவிட இரண்டு மடங்கு அகலமும் இருக்கட்டும். வேர்ப்பந்தின் மேற்பரப்பு நிலமட்டத்துக்குச் சமமாகவோ விரற்கடை மேலேயோ நிற்க வேண்டும். தண்டைப் புதைக்கக் கூடாது. குழிக்குள் எரு, உரம், எலும்புத்தூள் எதுவும் போடாதீர்கள். மண்ணை மூடி ஒரு வாளித் தண்ணீர் விட்டுவிட்டு, மேலே சொரசொரப்பான மரச்சீவலை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விடுங்கள்.

பெரிய தொட்டிச் செடி வாங்குவதைவிட, 'ட்யூப்ஸ்டாக்' என்று விற்கும் சிறு குழாய்த்தொட்டிக் கன்று மேல். விலை சில டாலர்தான். வேர் சுருளாமல் இருப்பதால் நேரே மண்ணில் இறங்கும். இரண்டாம் ஆண்டில் பெரிய செடியை எட்டிப் பிடித்துவிடும்.

என்ன உரம் போடுவது?

உண்மையைச் சொன்னால், நிலத்தில் நட்ட கிரெவில்லியாவுக்கு உரமே போடாவிட்டாலும் குறையில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் கை நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழையது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து சத்து வெளியேறிய மண். குறிப்பாக, நாம் மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸ் அதில் மிகக் குறைவு. கிரெவில்லியாவும் அதன் உறவுகளான பேங்க்சியா, வராட்டா முதலியவையும் அந்த வறுமைக்கு ஏற்றபடி வேரை அமைத்துக்கொண்டன. மேல்மண்ணில், மூடாக்குக்குக் கீழே, மயிரிழை போன்ற வேர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அந்தக் கொத்து வேர்கள் ஒருவகை அமிலத்தைக் கசியவிட்டு, மண்துகளோடு ஒட்டிக்கிடக்கும் மணிச்சத்தைப் பிரித்து உறிஞ்சும்.

சிக்கல் இங்கேதான். மற்ற செடிகள் போதுமான அளவு கிடைத்ததும் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு அந்தத் தடை சரியாக வேலை செய்வதில்லை. பற்றாக்குறைக்குப் பழகிய வேர், மிகுதியைக் கண்டாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இலையில் மணிச்சத்து நஞ்சாகும் அளவுக்குச் சேர்கிறது. முதிர்ந்த இலைகளின் ஓரமும் நுனியும் கருகும். இளம் இலைகள் இரும்புச்சத்து கிடைக்காதது போல வெளிறும். பிறகு இலை உதிர்ந்து செடி போய்விடும்.

ஆகவே கோழி எரு, 'பிளட் அண்ட் போன்' என்ற இரத்த-எலும்பு உரம், சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள், ரோஜா உரம், காளான் கம்போஸ்ட் ஆகியவை இதன் பக்கமே போகக் கூடாது. நம் வீடுகளில் இன்னும் சில உண்டு: அரிசி கழுவிய நீர், அடுப்புச் சாம்பல், மீன் கழுவிய தண்ணீர். அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாதங்களில் இவையெல்லாம் அன்போடு செடிக்குப் போய்ச் சேரும். அம்மாவிடம் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றச் சொல்லுங்கள். அதற்கு அது விருந்து. சலவை இயந்திரக் கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பியிருந்தால், சலவைத்தூளில் பாஸ்பரஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மணல் நிலத்திலோ தொட்டியிலோ இருந்து, செடி சோர்வாகத் தெரிந்தால், 'ஆஸ்திரேலிய நேட்டிவ் செடிகளுக்கு' என்று எழுதியிருக்கும் மெதுவாகக் கரையும் உரத்தை வசந்தகாலத்தில் ஒருமுறை, பொதியில் சொன்ன அளவில் பாதி போடுங்கள். பொதியின் பின்புறம் பாஸ்பரஸ் அளவு 1 முதல் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறையக் குறைய நல்லது.

கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

ஒரே பாத்தியில் வைக்காதீர்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, மல்லிகை எல்லாம் நன்றாகச் சாப்பிடும் செடிகள். அவற்றுக்குப் போடும் எருவின் சத்து மழைநீரோடு சரிவில் இறங்கும். தோட்டம் சரிவாக இருந்தால் கிரெவில்லியாவை மேட்டுப் பக்கமும் காய்கறிப் பாத்தியைப் பள்ளத்துப் பக்கமும் வையுங்கள். முன்பு காய்கறிப் பாத்தியாக இருந்த இடத்தில் கிரெவில்லியா நடுவதையும் தவிருங்கள். மணிச்சத்து மண்ணில் பல ஆண்டுகள் தங்கும்.

எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

நட்ட முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை. பிறகு முதல் கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை ஆழமாக. தினமும் ஹோஸ் பைப்பைப் பிடித்து மேலாக நனைப்பது எந்தச் செடிக்கும் உதவாது, இதற்குக் கெடுதல்கூட. இரண்டாவது கோடைக்குப் பிறகு, நீண்ட வறட்சியில் தவிர, பெரும்பாலான ரகங்களுக்கு மழையே போதும்.

கவாத்து செய்ய வேண்டுமா? பூத்துக்கொண்டே இருப்பதை எப்படி வெட்டுவது?

மனம் வராதுதான். ஆனால் வெட்டாத கிரெவில்லியா நான்கைந்து வருடத்தில் அடியில் மொட்டையாகி, மேலே கனத்து, காற்றில் பிளந்து சாய்ந்துவிடும். கன்றாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். ஒரு நுனியைக் கிள்ளினால் அதன் கீழிருந்து இரண்டு மூன்று கிளை புறப்படும்.

'ராபின் கார்டன்', 'மூன்லைட்' போன்ற பெரிய பூ ரகங்கள் வளர்ந்த பிறகு, குளிர் விலகும் தருணத்தில் ஆண்டுக்கொரு முறை மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம். இவை கடுமையான வெட்டையும் தாங்கித் துளிர்க்கும். ஊசியிலையும் சிறிய பூவும் உள்ள இனங்களிடம் அப்படி முரட்டுத்தனம் காட்டக் கூடாது. பூத்து முடிந்ததும் இலை இருக்கும் பகுதிக்குள்ளேயே லேசாக வெட்டுங்கள். இலையற்ற பழைய கட்டைவரை போனால் அந்தக் கிளை திரும்பாமலே போகலாம்.

இலை மஞ்சளாகிறது. சில இலைகளில் கறுப்புப் புள்ளி. என்ன நோய்?

புதிய இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு நிலத்திலும் சிமெண்ட் சுவரை ஒட்டிய இடத்திலும் வரும். உரம் மிகுந்தாலும் வரும். 'அயர்ன் கீலேட்' என்ற இரும்புச்சத்துத் தூளைக் கரைத்து ஊற்றினால் தற்காலிகமாகத் தேறும், காரணத்தைக் களைய வேண்டும். புள்ளிகள் பெரும்பாலும் பூசணம். காற்றோட்டமில்லாத, ஈரம் தங்கும் மூலையில் வருவது. உள்கிளைகளைக் களைந்து காற்று போக வழி செய்யுங்கள். இலைமேல் தண்ணீர் அடிப்பதை நிறுத்துங்கள்.

தண்டில் எறும்பு ஊர்வரிசையும் இலையில் கரி படிந்தது போன்ற தூசும் தெரிந்தால் செதில்பூச்சி இருக்கிறது. தோட்டக்கலை எண்ணெய் தெளிக்கலாம், ஆனால் வெயில் கொளுத்தும் நாளில் அல்ல. பச்சையாக இருந்த செடி ஒரே வாரத்தில் முழுதாகக் காய்ந்தால் அது வேரழுகல், காப்பாற்றுவது கடினம். பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், அதே குழியில் இன்னொரு கிரெவில்லியா வைக்காதீர்கள். மண்வெட்டியைக் கழுவிவிட்டு மறுவேலைக்கு எடுங்கள். அந்தப் பூசணம் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்வது.

பறவை வரும் என்றார்கள். ஒரே ஒரு சண்டைக்காரப் பறவைதான் வருகிறது. ஏன்?

சாம்பல் உடல், மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டு, ஓயாத கூச்சல் என்றால் அது நொய்ஸி மைனர். நம் ஊர் மைனா அல்ல. நம் மைனாவும் இங்கே உண்டு. 1860-களில் மெல்பர்னில் கொண்டுவந்து விட்ட பறவைகளின் வம்சம் அது, பழுப்பு நிறம். நொய்ஸி மைனரோ இந்த மண்ணின் பறவைதான். ஆனால் கூட்டமாகச் சேர்ந்து மற்ற சிறு பறவைகளை அண்டவிடாமல் விரட்டும். அதன் ஆதிக்கத்தால் காட்டுப் பறவைகள் விரட்டப்படுவதை 2014-இல் ஆஸ்திரேலிய அரசு இயற்கைக்கான முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

ஆண்டு முழுவதும் தேன் சொட்டும் பெரிய பூ ரகங்களை மட்டும் வரிசையாக நட்டு, கீழே புல்தரையை விட்டால், அந்தப் பறவைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. என் கருத்தைக் கேட்டால், பெரிய பூ ரகம் தோட்டத்துக்கு ஒன்று போதும். மீதி இடத்தில் ஜூனிபெரினா, ரோஸ்மரினிஃபோலியா போன்ற முள்ளிலைப் புதர்களை நெருக்கி நடுங்கள். கை வைத்தால் குத்தும் அந்தப் புதருக்குள்தான் நீல நிற ஃபேரி ரென் போன்ற சின்னஞ்சிறு பறவைகள் ஒளிந்து வாழ முடியும். வளைந்த நீண்ட அலகுள்ள ஸ்பைன்பில் சிறிய பூக்களில் தேன் குடிக்க வரும். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து இப்படி நட்டால் பலன் இன்னும் தெரியும். பூச்சிமருந்து அடிப்பதையும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் குஞ்சுகளுக்கு உணவு பூச்சிதான்.

வெட்டும்போது கையில் அரிப்பும் கொப்புளமும் வருகிறதே?

சிலருக்கு வரும். 'ராபின் கார்டன்' இதற்குப் பெயர் போனது. அதன் உறவு ரகங்களும் அப்படியே. மாங்காய்ப் பால், முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் ஆகியவற்றில் உடம்பைப் புண்ணாக்கும் பொருளுக்கு நெருங்கிய வேதிப்பொருள் இவற்றிலும் இருக்கிறது. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்த அனுபவம் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருங்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து வெட்டுங்கள். வீட்டு வாசலின் நடைபாதையை ஒட்டி இந்த ரகத்தை வைக்காதீர்கள். கொப்புளம் பரவினால் மருத்துவரிடம் காட்டி, செடியின் பெயரையும் சொல்லுங்கள்.

பூவில் தேன் உண்டாமே, குழந்தைகள் உறிஞ்சலாமா?

இந்நாட்டின் ஆதிக்குடியினர் சில இனங்களின் தேனை உறிஞ்சியும் நீரில் கரைத்தும் குடித்து வந்தவர்கள். எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. சில இனங்களின் பூவிலும் காயிலும் சயனைடு தரும் பொருள்கள் உள்ளன. நர்சரிக் கலப்பினத்தில் எது எவ்வளவு என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. உறிஞ்ச விடாதீர்கள்.

சாமிக்கு வைக்கலாமா? மாலை கட்டலாமா?

தடை எதுவும் இல்லை. தொடுக்கத்தான் முடியாது. காம்பு அதற்கு ஏற்றதல்ல, தேன் வடிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும், கூடவே எறும்பும் வரும். பூக்கொத்தைச் சிறு கிளையோடு வெட்டி, தலைகீழாக மெல்ல உதறிவிட்டுச் செம்பில் வையுங்கள். ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். அரிப்பு தரும் ரகமாக இருந்தால் தொடாமல் செடியிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

வாடகை வீடு. தொட்டியில் வளர்க்கலாமா?

லானிஜெரா வகைகள், 'பீச்சஸ் அண்ட் க்ரீம்' போன்ற குட்டை ரகங்கள் வளரும். 40 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாத தொட்டி, நேட்டிவ் செடிகளுக்கான மண்கலவை, ஆறு மணி நேர வெயில் வேண்டும். தொட்டியை நேரடியாகக் கான்கிரீட்டில் வைக்காமல் கால் வைத்து உயர்த்துங்கள். தொட்டியில் நிலத்தைவிட அடிக்கடி தண்ணீர் விட வேண்டியிருக்கும்.

விதையிலிருந்து வளர்க்கலாமா? கிளையை நட்டால் பிடிக்குமா?

கலப்பின ரகத்தின் விதை முளைத்தாலும் தாய்ச்செடி போல இருக்காது. கிளைத்துண்டுதான் வழி. கோடை முடியும் நேரத்தில், பூ இல்லாத, பாதி முற்றிய நுனிக்கிளையைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். கீழிலைகளை நீக்கி, வேர் ஊக்கியில் தோய்த்து, பெர்லைட்டும் தேங்காய்நார்த் தூளும் கலந்த ஈரக் கலவையில் செருகுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். பாதி பிடித்தாலே மகிழ்ச்சி. புதிய ரகங்கள் சிலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. அவற்றைப் பெருக்கி விற்கக் கூடாது.

'ஒட்டுச்செடி' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, தேவையா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் மிக அழகான சில இனங்கள் கிழக்கின் ஈரக் கோடையில் வேரழுகி இறந்துவிடும். அவற்றை வேறொரு கிரெவில்லியாவின் வேரில் ஒட்டுக்கட்டினால் பிழைக்கின்றன. அந்த வேரைக் கொடுக்கும் மரத்தை நம்மில் பலர் முன்பே பார்த்திருப்போம். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கையின் மலையகத்திலும் தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரம்தான் அது. பெயரில் ஓக் இருந்தாலும் அது கிரெவில்லியா ரோபஸ்டா. வட நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து காடுகளிலிருந்து போனது. வயநாட்டிலும் குடகிலும் அதன்மேல் மிளகுக்கொடி ஏற்றுகிறார்கள்.

ஒட்டுச்செடி வாங்கினால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். விட்டால் சில்வர் ஓக் மேலே வந்து, ஒட்டிய செடி அமுங்கிப்போகும்.

ஊரில், தமிழ்நாட்டில் வளர்க்க முடியுமா?

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலை ஊர்களின் தட்பவெப்பத்தில் முயலலாம். சமவெளியில் வடகிழக்குப் பருவமழையின் தேங்கும் ஈரத்தில் கலப்பின ரகங்கள் தாங்குவது கடினம். இங்கிருந்து செடியையோ துண்டையோ பெட்டியில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். தாவர நோய்த்தடுப்புச் சட்டங்கள் இரு நாட்டிலும் உண்டு, வேரழுகல் பூசணத்தைச் சேர்த்துக் கொண்டுபோகும் ஆபத்தும் உண்டு.

வாங்கும் முன் வளர்ந்த செடியை எங்கே பார்க்கலாம்?

சிட்னிக்காரர்களுக்கு மவுண்ட் அனன் தாவரவியல் பூங்கா. கான்பெராவில் பிளாக் மவுண்டன் அடிவாரத்திலுள்ள தேசியத் தாவரவியல் பூங்கா. மெல்பர்னில் கிரான்போர்ன் பூங்கா. கிரெவில்லியாவுக்கென்றே இருப்பது வொலங்காங் அருகே புல்லியில் உள்ள இலவாரா கிரெவில்லியா பூங்கா. தன்னார்வலர்கள் நடத்துவதால் ஆண்டில் சில வார இறுதிகளில் மட்டுமே திறப்பார்கள். தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திறக்கும் நாளில் கன்றுகளும் விற்பார்கள்.

ஒரு செடி எத்தனை ஆண்டு இருக்கும்?

கலப்பினப் புதர்கள் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டு. அதற்குமேல் பூ குறைந்து, கிளை உடைந்து, அழகு போய்விடும். எட்டாவது ஒன்பதாவது ஆண்டிலேயே சற்றுத் தள்ளி இன்னொரு கன்று வைத்துவிடுங்கள். பழையதை எடுக்கும் நேரத்தில் புதியது பூக்கத் தொடங்கியிருக்கும். தேனுக்குப் பழகிய பறவைகள் வேறு தோட்டம் தேட வேண்டியிருக்காது. பழைய செடியை வேரோடு பிடுங்கத் தேவையில்லை. தரையோடு அறுத்துவிட்டு, கிளைகளை நறுக்கிப் புதியதற்கே மூடாக்காகப் போடலாம், அது நோயில் சாகாமல் இருந்தால் மட்டும்.